களைப்புக்கு மருந்து

ஏரம்பு இன்றைக்கும் நின்றபடியே நித்திரை கொண்டுவிட்டான். ஓடு அழுத்துகிற மெசினுக்குள் கை போகிற நேரம், எதிரில் நின்ற நடராசா பிடித்து இழுத்திராவிட்டால் விரல் அஞ்சும் போயிருக்கும்.

விரல் தப்பியது. ஆனால் மனேச்சர் கதிர்காமநாதன் கண்டுவிட்டார். அதுதான் வில்லங்கம்.

மனேச்சர் போன மாதம்தான் யாழ்தேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போய், தொழிலாளருக்கு ஊக்கம் ஊட்டுவது எப்படி என்று ஐந்து நாள் படித்துவிட்டு வந்தவர். படித்ததை வீணாக்குகிற ஆளா அவர்? கிளிநொச்சி வெயிலில், சூளைக்குப் பக்கத்திலேயே எல்லாரையும் நிறுத்தி வைத்து, களைப்பு உடம்பில் இல்லை, மனதில்தான் இருக்கிறது என்று முக்கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அவருக்கு மட்டும் நிழலில் ஒரு கதிரை.

பிறகு ஏரம்புவை முன்னுக்குக் கூப்பிட்டார்.

"இரவில வீட்டில படுக்காமல் ஊர் சுத்தினால் பகலில நித்திரை வராமல் வேற என்ன வரும்? சொல்லு பாப்பம்."

ஏரம்பு மனேச்சரின் முகத்தையே பார்த்தான். அவனுக்குக் காய்ச்சல் ஐயா என்று நடராசா ஒரு பொய்யை எடுத்துவிட்டான். மனேச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அதையும் பொய்யாக்கிவிட்டார்.

கள்ளுக்கொட்டிலே கதியென்று கிடக்கிறான் போல என்று நடராசாவுக்கும் கோபம்தான். என்றாலும், ஏரம்புவை வேலையில் நிரந்தரமாக்குகிற கடதாசி மனேச்சரின் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. வீட்டில் நாலு பிள்ளைகள்.

"இந்தமுறை மன்னிக்கிறன். இன்னொருக்கால் கண்ணை மூடினாயெண்டால் கேற்றுக்கு வெளியிலதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டினால்தானே வெயிலை விட்டுப் போகலாம்.

சனம் கலைந்ததும் மனேச்சர் ஏரம்புவின் தோளில் கை போட்டு, சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். என்ன இருந்தாலும் நல்ல மனுசன் என்று நடராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டை போய்ப் படு என்று சொல்லப்போகிறார் என்று காதைக் கொடுத்தான்.

மனேச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இண்டைக்கு இரவும் குளத்துத் தண்ணி என்ர வயலுக்குத்தான் முறை. விடியுமட்டும் வாய்க்காலை விட்டு அசையப்படாது. நேற்று மாதிரி அங்கயும் நித்திரை கொண்டிடாத."