பழைய பூட்டும் புதுத் தாழ்ப்பாளும்

மகள் பையை இறக்கிவைத்து, துண்டை நாற்காலிமேல் விரித்தாயிற்று. காலையிலிருந்து இது நாலாவது விடுதி. நாளைக்கு அவள் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்கிறாள். தச்சு வேலை செய்யும் அப்பாவுக்கு ஐந்து மணிக்கு ரயில். அதற்கப்புறம் இந்த அறையில் அவள் தனி. அப்பா கட்டிலையும் பார்க்கவில்லை, மின்விசிறியையும் பார்க்கவில்லை. கதவின் உட்பக்கம் நின்று, தாழ்ப்பாளைச் சுற்றிக் காய்ப்பேறிய கட்டைவிரலால் தடவுகிறார். சாய்ந்த வெயிலில், புதுப் பெயிண்டுக்கு அடியே பட்டி வைத்து அடைத்த இடம் தழும்பாகப் புடைத்துத் தெரிகிறது. கீழே தெருவில் ஹாரன் ஓயவில்லை.

“அப்பா, தங்க வந்தோமா, கதவ விலை பேச வந்தோமா?” மகள் சிரிக்கிறாள்.

வாசலில் நின்று சாவிக்கொத்தை விரலில் சுற்றும் மேனேஜரும் சேர்ந்து சிரிக்கிறார். “அது ஒண்ணுமில்லண்ணே. முன்னாடி தங்குனவங்க சாவியத் தொலைச்சிட்டாங்க. நாங்கதான் ஒடச்சித் தொறந்தோம்.”

அப்பா திரும்பவில்லை. “பூட்டு பழசாத்தான் இருக்கு, ஒரு கீறல்கூட இல்ல. பேந்தது தாழ்ப்பாதான். தாழ்ப்பாளுக்கு ஏதுப்பா சாவி? உள்ள ஆளிருந்து போட்டாத்தானே அது விழும்?”

சாவிக்கொத்து சுற்றுவதை நிறுத்துகிறது. “அது... நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தி நடந்ததுண்ணே.” மகள் சிரிப்பை விட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து துண்டை எடுத்து மடிக்கிறாள்.