தலைமாட்டுக் கம்பு

அசர் தொழுகைக்குப் பிந்திய வெயில் வேலியோரம் சாய்ந்து கிடக்கிறது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் முடியும்வரை முற்றத்தில் இறங்கக்கூடாது என்பதால் உம்முசல்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். மூன்றே நாள் உயிரோடிருந்த மகனை இன்று காலையில் அடக்கிவிட்டார்கள். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்வந்த ஐந்து வயது மகள் பரீனாதான் அவளுக்காகப் பார்த்து வந்த கண். பரீனா இப்போது பால்மாத் தகரப் பேணியால் கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். காய்ந்த மண் உறிஞ்சும் சத்தம் ஜன்னல்வரை கேட்கிறது. கடைசிக் கன்றுக்கு ஊற்றாமல் பேணியோடு நிமிர்கிறாள்.

"உம்மா, இது தம்பிக்கு. வாப்பா தலைமாட்டுல கம்பு நட்டுத் தண்ணி ஊத்தினாரு. நாளைக்கும் ஊத்தாட்டி காஞ்சிருமே."

"அது மரக்கண்டு இல்ல மகள். மீஸான் கட்ட. தம்பிய அடக்கின கபுறுக்கு அடையாளம்."

"பச்சத் தோலோட இரிக்கி உம்மா. நம்மட வேலியிலதான் வாப்பா வெட்டின."

உம்முசல்மா பூவரச வேலியைப் பார்க்கிறாள். இரண்டாவது மரத்தில் புது வெட்டு, வெள்ளையாக, இன்னும் ஈரம் காயாமல். மணமான வருடம் அவள் கையால் கம்பு கம்பாக நட்ட வேலி அது; ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை. பால் கட்டிய மார்பு நோகிறது, சட்டை நனைகிறது.

"மொளைக்குமா உம்மா?"

"தண்ணியக் கொட்டிராத மகள்," என்கிறாள். "வாப்பா வரட்டும்."