மூன்றாம் வளைவுக்குப் போன புள்ளி

"என் வீட்டுக்காரர் முதல்ல விழுந்தாரா, உங்க ஆம்புலன்ஸ் முதல்ல கிளம்புச்சா?" என்று போன வருடம் ஒரு பைக் பந்தய வீரரின் மனைவி கேட்டாள். பந்தயத் தளத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பொற்செல்வி பதிவைத் திறந்து பார்த்தாள். ஆம்புலன்ஸ்தான் முதலில் கிளம்பியிருந்தது.

ஓட்டுநர் இல்லாத அந்த ஆம்புலன்ஸ்கள் தாங்கள் நிற்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். அவள் திரையில் அவை புள்ளிகள். எங்கே தேவைப்படுவோம் என்று அவையே கணித்து நகரும். காரணம் சொல்வதில்லை.

இன்று அவள் தம்பி இளம்பரிதி எல்லாருக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்தான். கடைசிச் சுற்று. ஜெயித்தால் பெரிய அணியில் இடம் உறுதி. அப்போது ஒரு புள்ளி மூன்றாம் வளைவை நோக்கி நகர்ந்தது.

"வெயிலுக்கு ஒதுங்குது போல. அங்கதானே மரம் இருக்கு," என்று பக்கத்தில் இருந்த தாமஸ் சிரித்தார்.

பொற்செல்வி சிரிக்கவில்லை. பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடிக்கான பொத்தானை அழுத்திவிட்டாள். பந்தயம் ரத்தானது. மூன்றாம் வளைவில் ஒன்றும் நடக்கவில்லை. புள்ளியும் தன் இடத்துக்கே திரும்பிவிட்டது.

இளம்பரிதி ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான்.

"அக்கா, நான் விழுவேன்னு யாரு உனக்குச் சொன்னது?"

அவள் திரையைக் காட்டினாள். புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில் சாதுவாக நின்றன.

"தேவையில்லைன்னு ஆனதாலதான்டா திரும்பிப் போயிடுச்சு," என்றாள். சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

அவன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். போன வருடம் அந்தப் பெண் பார்த்த அதே பார்வை. ஹெல்மெட்டை அவள் மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான்.