பெயர் சொல்லாத பிரிண்டர்

ஓர் அலுவலகத்தில் ஒரு பிரிண்டர் இருந்தது. பக்கத்து மேசைப் பழைய கம்ப்யூட்டர் எதை அனுப்பினாலும் முகம் சுளிக்காமல் அச்சடித்துக் கொடுக்கும். இரண்டுக்கும் அப்படியொரு ஒட்டுதல்.

ஒருநாள் புதிதாக இன்னொரு கம்ப்யூட்டர் வந்தது. அதன் இயங்குதளம் வேறு, பேச்சும் வேறு. அது ஆசையாக முதல் பக்கத்தை அனுப்பியது. பிரிண்டர் ஒன்றும் புரியாமல் வெறும் கட்டம் கட்டமாகக் கக்கி வைத்தது. பழையது விழுந்து விழுந்து சிரித்தது.

புதியது கோபித்துக்கொள்ளவில்லை. "அக்கா, உங்க பேரும் மாடலும் மட்டும் சொல்லுங்க. உங்களுக்குப் புரியுற பேச்சை நானே தேடிக் கத்துக்கிறேன்" என்றது.

பிரிண்டருக்குப் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் பழையது, "பேர்கூடத் தெரியாம வேலை வாங்க வந்துட்டான் பாரு!" என்றது. பழகிய தோஷம், பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது. புதியது மறுநாளும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

இடி இடித்த ஒரு மாலையில் பழைய கம்ப்யூட்டர் கருகிப்போனது. "இந்தப் பிரிண்டர் புதுசோட ஒத்துப்போகாது" என்று சொல்லி, வயரை உருவிப் பீரோ மேல் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து பிரிண்டர் தன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. வயர் இல்லாத பேச்சு யார் காதில் விழும்?

கீழே வேறொரு பிரிண்டர் வந்து இறங்கியது. புதிய கம்ப்யூட்டர் தயங்கித் தயங்கிப் பெயர் கேட்டது. வந்த பிரிண்டர் பட்டென்று சொல்லிவிட்டது.

அன்றைக்குக் கட்டம் கட்டமாக வந்த அதே பக்கம் இப்போது எழுத்து எழுத்தாக வெளியே வந்தது. பீரோ மேலிருந்து பிரிண்டர் அதைப் படித்தது. ஒரே வரிதான்.

"வணக்கம் அக்கா, நல்லா இருக்கீங்களா?"