வேதக்காரரின் துப்பாக்கி

முதல் குண்டு குழலைத் தாண்டி நாலடி போய், அலுத்துக்கொண்டதுபோல் மண்ணில் விழுந்தது. பெர்னார்ட் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னார்.

காற்றுத் துப்பாக்கி படுத்துவிட்டது. இனி குரங்கைச் சுடு என்று யாரும் அவரிடம் சொல்ல முடியாது.

ஆனால் கோயில் முற்றத்தில் நின்ற கூட்டம் கலைவதாக இல்லை. பெர்னார்ட் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர் என்பது அந்தப் பழைய தோட்டத்துக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ரிப்பேர்காரரே ரிப்பேரைக் காரணம் சொல்ல முடியுமா?

மறுநாள் திருவிழா. போன வருஷம் சுண்ணாம்பு மலையிலிருந்து இறங்கிவந்த குரங்குகள் அன்னதான வடையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போயின. அந்த வயிற்றெரிச்சல் சமையல் பொறுப்பிலிருக்கும் மாரியம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு வாரமாகப் பெர்னார்டை அரித்தெடுத்தவர் அவர்தான்.

"நாங்க சுட்டா ஆஞ்சநேயர் சும்மா விடுவாரா தம்பி? நீங்க வேதக்காரவங்க, உங்களுக்கு அதெல்லாம் இல்ல லா. ஒண்ண சுட்டாப் போதும், மத்ததெல்லாம் ஓடிரும்."

பாவம் எல்லோருக்கும் பாவம்தான் என்று சொல்லியிருக்கலாம். பெர்னார்ட் தலையை ஆட்டிவைத்தார். அந்த வட்டாரத்தில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அதை வைத்துக் காலி மைலோ டின்னைத் தவிர எதையும் அவர் சுட்டதில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

வேறு வழியில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பிரித்தார்.

ஸ்பிரிங் உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். உடைந்திருந்தால் சுலபத்தில் வேறு கிடைக்காது. ஸ்பிரிங் புதுமாப்பிள்ளைபோல் விறைப்பாக நின்றது.

உள்ளேயிருந்த தோல் வாஷர் மட்டும் காய்ந்திருந்தது. மோட்டார்சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனி, ஒரே ஓட்டமாகப் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"அண்ணே, சாமி வெளக்கு எண்ணெ. இத ஊத்துங்க லா, நல்லா வழுக்கும்."

பெர்னார்ட் கிண்ணத்தைப் பார்த்தார். விளக்கு எண்ணெயை உள்ளே விட்டால் அழுத்தத்தில் பற்றிப் புகையும், வாஷர் கருகும், துப்பாக்கி ஒழியும். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் கிண்ணம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆனால் தொழில் பழகிய கை கேட்கவில்லை. அது பாட்டுக்குப் பையிலிருந்து சிலிக்கோன் எண்ணெயை எடுத்து, இரண்டு சொட்டு விட்டு, எல்லாவற்றையும் பூட்டியும் விட்டது.

குழல் மடங்கும் இடத்தில் ஒரு துண்டு டிஷ்யூவை வைத்துச் சுட்டுப் பார்த்தார். டிஷ்யூ பறந்தது. காற்று அங்கேதான் ஒழுகுகிறது. அந்த மடிப்புப் பள்ளத்திலிருந்த ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தது.

"இந்த வளையம் இங்க கிடைக்காது," என்றார். குரலில் சந்தோஷம் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

சீனி கடைக்கு ஓடி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். கிடந்த வளையங்களில் ஒன்றே ஒன்று, அளவெடுத்துச் செய்ததுபோல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

மதில்மேல் வைத்த மைலோ டின் எகிறிப்போய் வாழைத்தோப்பில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. பெர்னார்டுக்கு அழுகை வராத குறை. கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இவ்வளவு நன்றாக ஒரு பொருளை யாராவது சரிசெய்வார்களா?

உள்ளே குண்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி குழலை அரைவாசி மடித்துப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனார். தேவைக்கு மேலேயே கழுவினார்.

திரும்பி வந்தபோது கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. சமையல் கொட்டகையின் கூரைமேல் ஒரு குரங்கு. வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் அண்ணே," என்று சீனி கிசுகிசுத்தார். கைப்பேசியில் படம் பிடிக்கவும் தொடங்கிவிட்டார்.

பெர்னார்ட் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே குழலை முழுக்க மடித்து, குண்டைத் தடவிப் போட்டு நிமிர்த்தினார். கொஞ்சம் தள்ளிக் குறிவைக்கலாம். தகரத்தில் பட்டுத் தெறித்துக் குட்டியின் கண்ணில் பட்டால்? எல்லோரும் பார்க்கிறார்கள். மாதாவே என்று விசையை அழுத்தினார்.

புஸ்.

குண்டு காலடியில் விழுந்தது. குரங்கு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குட்டிக்குப் பேன் பார்த்தது.

கூட்டம் அடச்சே என்றது. பெர்னார்ட் குழலை மடித்துப் பார்த்தார். பள்ளம் காலி. புது வளையத்தைக் காணவில்லை. தானாகக் கழன்று விழுகிற பொருளா அது? ஊக்கால் நெம்பினால்தான் வரும்.

கீழே தேடுவதற்குக் குனிந்தவரின் முன்னால் ஒரு தட்டு நீண்டது. பிரசாதக் கேசரி. நீட்டியவர் மாரியம்மா.

இடது கையால்.

சின்னப் பிள்ளை பிரசாதத்துக்கு இடது கையை நீட்டினாலே பட்டென்று தட்டிவிடுகிற மாரியம்மா. அவருடைய வலது கை இடுப்போடு ஒட்டி இறுக மூடியிருந்தது. விரல் இடுக்கில் துப்பாக்கி மசகின் கறுப்பு.

மாரியம்மா அவரைப் பார்க்கவில்லை. கூரையிலிருந்த குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா அண்ணே, திரும்பப் பழுதா?" என்றார் சீனி.

"ஆமா தம்பி. இனிமே ஆவாது லா," என்ற பெர்னார்ட், தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.