ரெண்டாவது டிஸ்க்

"டேபிள்ல ஆள் படுத்திருக்கார் மேடம். தலையில அடி. எடுத்த படம் சேவ் ஆக மாட்டேங்குது." ஸ்கேன் டெக்னீஷியன் கதவில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றான். "இடம் இல்லைன்னே சொல்லுது."

"காலையிலதான் புது டிஸ்க் போட்டேன்."

"அதைச் சர்வர்கிட்ட சொன்னீங்களா?" நக்கலாகக் கேட்டுவிட்டு ஓடினான்.

அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு இது முதல் வாரம். வேலையில்லாமல் வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டது போதும் என்று, கூப்பிட்டதும் வந்து சேர்ந்தவள். ஒரு பக்கம் சாயும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர் வைத்திருந்த இரும்பு அலமாரியின் கதவில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது: 'சிக்கல் என்றால் கூப்பிடவும்.' கீழே ஒரு செல்போன் எண். கூப்பிட்டாள்.

"சர்வர் கம்பெனிதானே சார்?"

மறுமுனையில் பஸ் ஹார்ன் அலறியது. "என்ன சிக்கல், சொல்லும்மா."

சொன்னாள்.

"அது விர்ச்சுவல் சர்வர், பெட்டிக்குள்ள மென்பொருளா ஓடுறது. பெட்டியில டிஸ்க் போட்டா அதுக்குத் தானாத் தெரியாது. பக்கத்து வீட்டை வாங்கினா மட்டும் போதுமா? நடுச்சுவரை இடிச்சாத்தானே வீடு பெருசாகும்? பதறாதே. முதல்ல புது டிஸ்க்குல விளக்கு எரியுதான்னு பாரு. அலமாரிக் கதவை இழுத்தா வராது. கொஞ்சம் தூக்கி இழு."

தூக்கி இழுத்தாள். காலையில் மல்லுக்கட்டித் திறந்த கதவு சட்டென்று வந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"இப்ப திரையில மூணு டிஸ்க் காட்டும். அதுல டிஸ்க் ரெண்டைத் துடைச்சிட்டு, பழையதோட சேர்த்துடு."

"மேடம், டாக்டர் கத்துறார்!" தாழ்வாரத்திலிருந்து குரல்.

"ரெண்டாவதைத் தொட்டுட்டேன் சார். 'இதிலுள்ள எல்லாம் அழியும், சம்மதமா'ன்னு கேக்குது. ஆமான்னு அழுத்தட்டுமா?"

மறுமுனையில் ஒரு பஸ் வந்து நின்று, கிளம்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"சார், இருக்கீங்களா? அழுத்திடறேன் சார்."

"கையை எடு!"

அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"கையை எடும்மா..." குரல் தணிந்திருந்தது. "அந்த டிஸ்க் பக்கத்துல என்ன எண் போட்டிருக்கு?"

"ஒண்ணு."

"நோயாளிங்க படம் மொத்தமும் அதுலதான் இருக்கு. சர்வர் பூஜ்யத்துலேர்ந்து எண்ணும். நான் சொன்ன ரெண்டு, மூணாவதா இருக்கறது."

மூன்றாவதைத் துடைத்தாள். பழையதோடு சேர்த்தாள். திரையில் சிவப்புப் பட்டை நீலமானது. "சேவ் ஆயிடுச்சு!" என்று தாழ்வாரத்தில் டெக்னீஷியன் கத்தினான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உயிரே போயிடுச்சு சார். ஏன் நடுவுல பேசாம இருந்தீங்க?"

"யோசிச்சிட்டிருந்தேன்."

"எங்க மேனேஜர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லணும். நீங்க எங்க வேலை பார்க்கறீங்க சார்?"

"போன மாசம் வேலையை விட்டுத் துரத்தற வரைக்கும், நீ உட்கார்ந்திருக்கியே, அந்தச் சாயுற நாற்காலியிலதாம்மா."