பத்து பிரேக்

புது பிரேக் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்த என் வீட்டுக்காரர், அதைத் தரையில் வைக்க மனசு வராமல் மடியில் வைத்துக்கொண்டார்.

மேலெல்லாம் வெள்ளி நிறப் பூச்சு. விரல் படக்கூடாது என்று என்னிடம் கறாராகச் சொன்னார். நான் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

காரைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மெக்கானிக் பழைய டிஸ்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மனிதரை வீட்டுக்கே வரவழைத்திருந்தார் இவர். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் வழியில் பிரேக் காலைவாரிவிடுமாம்.

விடிந்தால் திங்கள். எட்டு மணிக்கு நான் புது வேலையில் சேர வேண்டும். ஊரின் மறுகோடியில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் முதல் பஸ்ஸே எட்டுக்குத்தான், இரண்டு வண்டி மாறிப் போய்ச் சேர ஒன்பதரை. காரில் இருபது நிமிடம்.

வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொன்ன அன்றுதான் இவர் குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். துருவைக் கண்டுபிடித்தார்.

போன வருடம் ஒரு வேலை வந்தபோது பேட்டரி சரியில்லை. அதற்கு முந்தின வருடம் டயர். எங்கள் கார் நோயாளி மாதிரி. நான் வெளியே கிளம்புகிறேன் என்றால்தான் அதற்கு ஏதாவது வரும்.

"நிக்கிற வண்டில துரு ஏறத்தான் செய்யும் சார். நாலு தெரு ஓட்டினா தானா போயிடும்" என்று மெக்கானிக் அன்றே சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அப்புறம் மூன்று வாரம் ஆராய்ச்சி. பூச்சே இல்லாத இரும்பு டிஸ்க் வேண்டாம், மறு மழைக்கே துரு. கறுப்புப் பூச்சு நல்லதா, வெள்ளிப் பூச்சு நல்லதா? ஓரத்துக்கு மட்டும் பூசியதா, முழுக்கப் பூசியதா? நோட்டுப் போட்டுக் கட்டம் கட்டி எழுதினார். இந்த டிஸ்க்கை உப்புத் தண்ணீர்த் தூறலில் நாள்கணக்காக வைத்தாலும் துரு அண்டாதாம். எங்கள் கார் எந்தக் கடலில் இறங்கப்போகிறது என்று கேட்டேன். எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான் என்றார்.

என்னைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்க இவருக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. சக்கரங்கள் ஏறின, கார் தரையில் இறங்கியது. மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து இறுக வைத்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப காலி ரோடா பாத்து ஓட்டிட்டுப் போயி, ஒரு பத்து தடவ பிரேக் அடிங்க சார். பிரேக் பேட் ஒரசுற எடத்துல இந்தப் பூச்சு போயிடும். அப்பதான் நல்லா பிடிக்கும்."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வாரப் பூச்சு, பத்து பிரேக்கில் போய்விடும்!

"பிரேக் போடாம ஓட்டினா?" என்றார்.

மெக்கானிக் ஸ்பேனர்களைப் பைக்குள் அடுக்கினார். அடுக்கி முடித்ததும் சாவியை இவரிடம் நீட்டினார்.

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கையெல்லாம் கிரீஸ் என்றார். காலையிலிருந்து அந்தக் கையில் டிஸ்க்கைத் தவிர வேறெதுவும் படவில்லை. ரெண்டு நாள் நிற்கட்டும், புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஞாயிறுதோறும் இவர் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்து எஞ்சினை உறுமவிடுவதைத் தெருவே பார்த்திருக்கிறது. கார் ஓரடிகூட நகராததை யாரும் கவனித்ததில்லை. லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றவர் இவர் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கார் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பு ஐந்து வருடம் நான் ஓட்டிய கார். மனைவி ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து போவதை நாலு பேர் பார்த்துவிடக்கூடாது இவருக்கு. நானும் வாயை மூடிக்கொண்டு இவர் மானத்தைக் காப்பாற்றினேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

மெக்கானிக் கையிலிருந்த சாவியை நான் வாங்கிக்கொண்டேன். "நீங்க ஓட்டுவீங்களாம்மா?" என்றார் அவர். இந்தக் கேள்வியை இத்தனை நாளில் யாரும் இவரிடம் கேட்கவில்லை.

சீட்டை முன்னே இழுத்தேன். பிரேக்கை நாலு முறை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இறுகி இருந்தது. எஞ்சினைக் கிளப்பினேன்.

இவர் ஓடிப்போய் கேட்டுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நில்லு! பிரேக் பிடிக்குமான்னு இன்னும் தெரியாது!"

கண்ணாடியை இறக்கினேன்.

"அதத்தான் பாக்கப்போறேன். நீங்க அங்கயே நில்லுங்க."

டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டவர், வழிவிட ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.